தாத்தா இருந்த பட்டாளத்தின் மியூசியம்: வெலிங்டன் போகணுமா, பெங்களூரா?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்க ஊர் கணியம்பாடி பக்கம். தாத்தா 1942ல் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்து, இத்தாலி வரைக்கும் போய்த் திரும்பியவர். காலமாகி ரொம்ப வருஷம் ஆச்சு. அவருடைய மெடல்களும் டிஸ்சார்ஜ் புக்கும் டிரங்குப் பெட்டியில் பத்திரமா இருக்கு. நைனாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. "எங்கப்பா இருந்த ரெஜிமெண்டை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்டா"ன்னு கொஞ்ச நாளா சொல்லிக்கிட்டே இருக்கார்.

வீட்டில் எல்லாரும் மதராஸ் ரெஜிமெண்ட் என்றுதான் சொல்வோம். அதனால் வெலிங்டனில் இருக்கும் மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாம்னு யோசனை. ராணுவ முகாமுக்குள்ளே இருக்கிற இடமாச்சே, பொதுமக்களை விடுவாங்களா? யாருக்கு எழுதிக் கேட்கணும்? நைனாவுக்கு முட்டிவலி வேற, மேட்டில் ரொம்ப நடக்க முடியாது. போய் வந்தவங்க சொல்லுங்க.

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

தம்பி, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த டிஸ்சார்ஜ் புக்கைத் திறங்க. நம்ம வடாற்காட்டில் பட்டாளத்துக்குப் போன எல்லாரையும் மதராஸ் ரெஜிமெண்ட்டுன்னு சொல்லிடறது வழக்கம். பாதிப் பேர் வேற படையில் இருந்திருப்பாங்க.

காரணம் இருக்கு. முதல் உலகப் போர் முடிஞ்சதும் மதராஸ் காலாட்படை பட்டாலியன்களை வெள்ளைக்கார அரசாங்கம் ஒவ்வொண்ணா கலைச்சுட்டுது. போர்க்குணம் உள்ள சாதிகள்னு வடக்கே சில கூட்டங்களைப் பொறுக்கி எடுத்து, அவங்களுக்குத்தான் பட்டாளம்னு முடிவு பண்ணின காலம் அது. 1758லேந்து வரலாறு சொல்ற படைக்கே அந்தக் கதி. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமப் போனப்புறம்தான் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி திரட்டினாங்க. அந்த பட்டாலியன்கள் பர்மா பக்கம் சண்டை போட்டன. நடுவில் கலையாம இருந்து தொடர்ந்து நம்ம பசங்களை எடுத்தது மதராஸ் சாப்பர்ஸ். 1780ல் இரண்டு பயனியர் கம்பெனியா (முன்னால போய் வழி அமைக்கிற பிரிவு) ஆரம்பிச்சது. பாலம் கட்டறது, ரோடு போடறது, கண்ணிவெடி எடுக்கறது அவங்க வேலை. தாத்தா இத்தாலி போனார்னா பெரும்பாலும் சாப்பராத்தான் இருப்பார். அவங்க சென்டரும் (பயிற்சி நிலையம்) மியூசியமும் பெங்களூரில் இருக்கு. நானும் அதே படையில் சர்வீஸ் முடிச்சவன். மத்த ரெஜிமெண்ட்காரங்க எங்களை இன்னிக்கும் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க.

டிஸ்சார்ஜ் புக்கில் எழுத்து அழிஞ்சிருந்தா மெடலைப் பாருங்க. ஆறுமுனை நட்சத்திரமா இருக்கிறதோட பின்பக்கம் வழவழன்னு இருக்கும். இங்கிலாந்துக்காரங்களுக்குக் கொடுத்ததில் அந்தப் பக்கம் வெறுமையா இருக்கும். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் நம்பர், ரேங்க், பேர், பிரிவு எல்லாம் பொறிச்சிருப்பாங்க. வட்ட மெடலா இருந்தா விளிம்பில் இருக்கும். ரிப்பன் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்புன்னு கோடு கோடா இருந்தா அது இத்தாலி ஸ்டார்.

ஒண்ணு கேட்டுக்கறேன். வீட்டில் யாரும் புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்க விடாதீங்க. அந்த எழுத்து ரொம்ப மேலாகத்தான் பொறிச்சிருக்கும். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு பேரே காணாமப்போன மெடல்களை நம்ம ஊர்களில் நான் நிறையப் பார்த்திருக்கேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, நீங்க சொன்னது அப்படியே சரி. நட்சத்திரத்தின் பின்பக்கம் லென்ஸ் வெச்சுப் பார்த்தோம். நம்பர், அடுத்து சாப்பர் என்பதன் சுருக்கம், தாத்தா பேர், கடைசியில் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். ரிப்பன் நிறமும் நீங்க சொன்ன அதே வரிசை. நைனா லென்ஸைக் கீழே வைக்கவே இல்லை. பெங்களூர்தான் போறோம்.

குடியாத்தம்_செல்வி எழுதியது:

இந்த இழையைப் பார்க்கும் மத்தவங்களுக்காக வெலிங்டன் பத்தியும் சொல்லிடறேன். எங்க அண்ணன் அங்கேதான் டிரெய்னிங் முடிச்சார். காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சா காலையில் மேட்டுப்பாளையம். அங்கேயிருந்து மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன். பஸ்ஸும் இருக்கு. மதராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் ஒரு யானை நிற்கும். 1803ல் அசாயே சண்டையில் கிடைச்ச கௌரவம் அது. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு ரெக்ரூட்டுகள் கத்தறதைக் கேட்டா உடம்பு சிலிர்க்கும். உங்க வீட்டுப் பெரியவங்க பர்மா போனவங்கன்னா அங்கே போய்ப் பாருங்க.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

பெங்களூர் போக காட்பாடியிலிருந்து காலை வண்டிகள் இருக்கு. பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கினா அல்சூர் பக்கம்தான். ஆட்டோவில் போயிடலாம், நைனாவுக்குக் கஷ்டம் இருக்காது.

முகாம் மியூசியம் என்பதால் சில விஷயம். நேரா கேட்டில் போய் நிற்காதீங்க. சென்டருக்கு முன்னாடியே ஒரு கடிதம் போடுங்க: யார் யார் வர்றீங்க, ஆதார் நகல், தாத்தாவுடைய நம்பர், ரேங்க், பேர். அந்த நம்பர் இருந்தா உங்களை வேற மாதிரி நடத்துவாங்க. கேட்டில் போனை வாங்கி வெச்சுக்கிட்டா முகம் சுளிக்காதீங்க. கேட், பாரக், பெரேடு கிரவுண்டு எதையும் போட்டோ எடுக்காதீங்க. கூட ஒரு ஜவானை அனுப்பினா அவர் சொல்ற வழியில் மட்டும் போங்க.

வேற ஒரு ஊரில் (பேர் வேண்டாம்) எழுதிக் கேட்டு, அனுமதி கையில் வெச்சுக்கிட்டுப் போயும், அன்னிக்கு ஏதோ விஐபி வர்றார்னு எங்களை வாசலோடு திருப்பி அனுப்பிட்டாங்க. பசங்க அழுதுட்டாங்க. அதனால் போற நாளுக்கு முந்தின நாளும் ஒரு போன் போட்டுடுங்க.

ஆறாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

குழந்தைகளையும் கூட்டிப் போங்க. பீரங்கியைக் காட்டிட்டு வந்தா அது பொருட்காட்சி மாதிரி ஆயிடும். ஒரு மனுஷன் கதையோட காட்டணும். சாப்பர்ஸ் என்றால் சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்லுங்க. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். கண்ணிவெடி வயலில் பாதை எடுத்துக்கிட்டிருந்தப்ப வெடி ஒண்ணு தூண்டப்பட்டுடுச்சு. வெடிக்கறதுக்குச் சில விநாடிதான். கூட இருந்தவங்களைக் காப்பாத்த அவர் அதன்மேலேயே விழுந்தார். அவர் இறந்தப்புறம் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தாங்க. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்னிக்கு ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அவருக்கு யோசிக்க நேரமே இல்லையே, எப்படி முடிவு பண்ணினார்?" இந்தக் கேள்வியோட ஒரு பிள்ளை அந்த மியூசியத்துக்குள் போனால் போதும்.

பெங்களூர் டார்ப்பிடோவையும் கேட்டுப் பாருங்க. 1912ல் அந்தப் படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. வெடிமருந்து நிரப்பின குழாய்களை ஒண்ணோடொண்ணு சொருகி நீளமாக்கி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பாங்க. ஆள் வேலிக்கிட்ட போகாமலே வழி திறந்துடும். பக்கத்து ஊரில் பிறந்த இந்தப் பொருளை உலகம் முழுக்கப் பட்டாளங்கள் பயன்படுத்தின.

கோட்டை_அகழி எழுதியது:

எல்லாம் நல்ல விஷயம். ஆனா வேலூர்க்காரங்க பட்டாள மியூசியம் பத்தி இவ்வளவு பேசியும் 1806 என்ற எண்ணே, நம்ம வேலூர்ச் சிப்பாய் எழுச்சியே, இன்னும் வரலையே. அதுதான் எனக்கு ஆறலை.

1805 நவம்பரில் மதராஸ் ராணுவத் தளபதி கிராடக் காலத்தில் வந்த உத்தரவு என்ன? நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தலைப்பாகையை மாத்தித் தோல் குஞ்சம் வெச்ச புது மாதிரி தொப்பி போடணும். மறுத்தவங்களைச் சென்னைக்கு அனுப்பி, ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 90 கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினாங்க. 1806 ஜூலை 9ல் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகள் கல்யாணம். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்கள் எழுந்தாங்க. கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட அதிகாரிகள் செத்தாங்க, 69ஆம் ரெஜிமெண்டில் நூத்துக்கு மேல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்தாங்க. கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறிச்சு. வெளியே தங்கியிருந்த ஒரு அதிகாரி மூலமா சேதி ஆற்காட்டுக்குப் போய், வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோட 26 கிலோமீட்டர் விரைஞ்சு வந்து, பீரங்கியால் கதவைப் பிளந்து உள்ளே நுழைஞ்சார். பிடிபட்ட சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டாங்க. மொத்தம் செத்த சிப்பாய்களின் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

சம்பந்தப்பட்ட படைகளைப் பட்டியலிலிருந்தே நீக்கினாங்க. இதுதான் என் பேச்சின் மையம். ரெஜிமெண்ட் மியூசியம் என்பது ஒரு படை தன் முன்னோரைச் சொல்லிக்கொள்ற இடம். கொடியும் நம்பரும் பறிபோனவங்களுக்கு எந்த ரெஜிமெண்ட் கண்ணாடிப் பேழை வைக்கும்? மறுபக்கம் பாருங்க. 69ஆம் ரெஜிமெண்ட் 1881ல் வெல்ச் ரெஜிமெண்டோட சேர்ந்துடுச்சு. அதன் வரலாற்றுக்கு கார்டிஃப் கோட்டைக்குள் மியூசியம் இருக்கு. நம்ம சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் ஒரு தூண், வருஷத்துக்கு ஒரு நாள் மாலை. கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்தில் 1806க்கென்று தனிக்கூடம், பெரிசா, முறையா இருக்கவேண்டாமா?

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

கோட்டை அகழி சார், உங்க கோபம் நியாயம். ஆனா முகாம் மியூசியம் எதுக்கு இருக்குன்னும் பாருங்க. புதுசா சேர்ற பையனை முதல் மாசத்திலேயே அங்கே கூட்டிப் போவாங்க. உனக்கு முன்னாடி இந்தத் தொப்பியைப் போட்டவன் என்ன செஞ்சான்னு காட்டுவாங்க. பதினெட்டு வயசுப் பையனுக்கு முதுகெலும்பு நிமிர்றது அங்கேதான். மேலதிகாரிக்கு எதிரா எழுந்த கதையை அங்கே எப்படிச் சொல்றதுன்னு பட்டாளத்துக்கும் சங்கடம் இருக்கும். அது பொதுமக்களுடைய மியூசியத்தில் இருக்கவேண்டிய கதை. அதில் உங்க கட்சிதான் நானும்.

ஆனா வாரிசே இல்லைன்னு சொன்னீங்களே, அங்கேதான் இன்னொரு கதை இருக்கு. கோட்டையில் இருந்த மதராஸ் 1ஆம் ரெஜிமெண்டின் நம்பரைப் பறிச்சாங்களே, அதில் எழுச்சியில் சேராதவங்களையும் மத்தவங்களையும் வெச்சு 24ஆம் ரெஜிமெண்டுன்னு புதுசாக் கட்டினாங்க. 1817 நவம்பரில் நாக்பூர் சீதாபுல்டி குன்றில் மராட்டியப் பெரும்படையை எதிர்த்து நின்ன சின்னப் படையில் இந்த 24ஆம் ரெஜிமெண்டும் உண்டு. ஜெயிச்சப்புறம் என்ன பரிசு வேணும்னு வந்தப்ப அவங்க கேட்டது பணமில்லை, பழைய நம்பரைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டாங்க. கொடுத்தாங்க. மறுபடி 1ஆம் ரெஜிமெண்ட் ஆச்சு. அதே படைதான் பின்னாடி 61ஆம் பயனியர்ஸ், அப்புறம் மதராஸ் பயனியர்ஸ். 1933ல் பயனியர்களைக் கலைச்சப்ப ஆட்கள் மதராஸ் சாப்பர்ஸுக்கு வந்தாங்க.

அதாவது பாலாற்றங்கரை தம்பியோட தாத்தா 1942ல் சேர்ந்த படைக்குள்ளே வேலூர்க் கோட்டையின் ஒரு கிளையும் வந்து கலந்திருக்கு.

கோட்டை_அகழி எழுதியது:

ஹவில்தார் ஐயா, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலையே ஓடலை. பதினோரு வருஷம் பறிபோன நம்பரை மனசில் வெச்சிருந்து, உயிரைக் கொடுத்து ஜெயிச்ச இடத்தில் அதைக் கேட்டு வாங்கியிருக்காங்க. வேலூர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோட்டையில் வைக்கச் சொல்லி மனு கொடுத்துக் கேட்கிற கூடத்தில் கில்லெஸ்பி குதிரையேறின கதையோட முடிக்காம, சீதாபுல்டி வரைக்கும், 1933 வரைக்கும் ஒரு பலகை வைக்கணும். அந்த சீதாபுல்டி கோட்டையும் இப்ப ராணுவ இடம்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, இந்த மூணு நாளில் பொதுமக்களுக்குத் திறப்பாங்க. நாக்பூர் பக்கம் வேலையா இருக்கிற நம்ம ஊர்க்காரங்க யாராவது போய்ப் பார்த்துட்டு எழுதுங்களேன்.

சென்னை போறவங்க புனித ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைக் குனிஞ்சு பாருங்க. 1792ல் திப்புவின் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பணயமா ஒப்படைக்கிற காட்சி செதுக்கியிருக்கும். அதே பிள்ளைகள் வளர்ந்து பின்னாடி நம்ம கோட்டையில்தான் அடைபட்டாங்க. 1806க்கு அப்புறம் குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பினாங்க.

லாங்பஜார்_வாசி எழுதியது:

லாங்பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கு, காய்கறி வாங்கப் போறவங்க நிமிர்ந்து பார்க்கிறதில்லை. 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனாங்க, அதில் 14 பேர் உயிரை விட்டாங்கன்னு பொறிச்சிருக்கும். ஒரு பேர்கூட இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊர்களில் இன்னும் பெரியவங்க இருக்காங்க. அந்த மெடல் விளிம்புகளில் இருக்கிற பேர்களை இப்பவே எழுதி வெச்சா அடுத்த தலைமுறைக்காவது எண்ணிக்கையோட பேரும் கிடைக்கும்.

பாலாற்றங்கரை எழுதியது:

போயிட்டு வந்துட்டோம். கடிதத்தில் தாத்தா நம்பரைப் போட்டது ரொம்ப உதவிச்சு. கேட்டில் இருந்த ஜவான் லிஸ்டைப் பார்த்துட்டு நைனாவைப் பார்த்து நிமிர்ந்து நின்னு ஒரு சல்யூட் வெச்சார். நைனா பட்டாளத்தில் இருந்தவர் இல்லை, நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு கையும் கூப்பினார்.

உள்ளே எல்லாத்தையும் விவரிக்கப் போறதில்லை. பெய்லி பாலத்துகிட்ட நடந்ததை மட்டும் சொல்றேன். கூட வந்த தம்பி, திருப்பத்தூர் பக்கத்துப் பையன், பாலத்தின் இரும்புப் பலகம் பத்தடி நீளம், 260 கிலோ, ஆறு பேர் கைக்கட்டையில் தூக்கி, ஒண்ணோட ஒண்ணு ஆணி சொருகி ஆத்துக்குக் குறுக்கே தள்ளுவோம், கிரேன் வேண்டாம்னு விளக்கினார். நைனா சட்டையை ஒதுக்கித் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "இங்க, இவ்ளோ தடிப்பா காய்ச்சிருக்கும் எங்கப்பாவுக்கு. ஏர் கலப்பை சுமந்ததுன்னு நெனச்சுட்டு இருந்தேன்." அந்தப் பையன் தன் சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். சிவந்து இருந்துச்சு. டிரெய்னிங்கில் மரக்கட்டை சுமந்ததாம்.

அடுத்து கண்ணிவெடி. பயோனெட்டை நட்டுக்க வெச்சுக் குத்தக்கூடாது, சாய்ச்சு, மண்ணுக்குள்ளே பக்கவாட்டில் மெதுவா விடணும், மேலே அழுத்தம் பட்டா போச்சுன்னு அந்தப் பையன் சொல்லிக்கிட்டிருக்கும்போதே நைனா கையைச் சாய்ச்சுக் காட்டினார், அதே கோணத்தில். சின்ன வயசில் வேர்க்கடலை பறிக்கிறப்ப தாத்தா களைக்கொட்டை அப்படித்தான் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாராம், காய் வெட்டுப்படாம வர்றதுக்கு.

ஹவில்தார் ஐயா சொன்ன பயனியர் கதையையும் அங்கே கேட்டேன். கலைச்ச பயனியர்கள் இங்கே வந்து சேர்ந்தாங்கன்னு அவங்களும் சொன்னாங்க. வேலூர் பத்திக் கேட்டதுக்கு, "எங்க ஊர் பக்கத்துக் கோட்டை சார் அது, தெரியாம இருக்குமா"ன்னு அந்தப் பையன் தணிஞ்ச குரலில் சொன்னார். கோட்டை அகழி சார், ஜூலை 10 அன்னிக்குத் தூணுக்கு மாலை போட வர்றப்ப நைனாவும் நானும் வர்றோம். மனுவில் எங்க கையெழுத்தும் சேர்த்துக்குங்க.

ஒரு சந்தேகம். டிஸ்சார்ஜ் புக் மடிப்பில் கிழிய ஆரம்பிச்சுடுச்சு. லேமினேஷன் பண்ணிடலாமா?

ஓய்வு_ஹவில்தார் எழுதியது:

வேண்டவே வேண்டாம் தம்பி. லேமினேஷன் சூட்டில் பழைய மை பரவிடும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் ஒட்டாதீங்க, மஞ்சளாகித் தாளைத் தின்னுடும். முதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. அப்புறம் நல்ல கடையில் அமிலம் இல்லாத தாள் கேட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒண்ணா இடையில் வெச்சு, தட்டையா ஒரு பெட்டியில் போடுங்க. டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காதீங்க, மழைக்காலத்தில் அடியில் ஈரம் ஏறும். ஸ்கேன் நகலை சென்டருக்கு அனுப்புங்க, அசல் உங்ககிட்டயே இருக்கட்டும். லாங்பஜார் வாசி சொன்ன பேர்ப் பட்டியலுக்கு உங்க தாத்தா பேரை முதல் வரியா எழுதிடுங்க. அடுத்த பேர் நான் தர்றேன், எங்க பெரியப்பா, அணைக்கட்டு பக்கம், பர்மா போனவர்.